சபை மக்களுக்கு ஊழியப் பயிற்சி: சேகர அளவில் பகுதிநேர வகுப்பு நடத்த முழுமையான வழிகாட்டி

ஒரு சேகரத்தில் பத்துப் பன்னிரண்டு சபைகள் இருக்கும், ஐயர், அதாவது குருவானவர், ஒருவர்தான் இருப்பார். உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு அவர் திருவிருந்து கொடுக்க வருவது மாதத்துக்கு ஒரு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, படுத்த படுக்கையாய் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுப்பது, துக்க வீட்டில் முதல் ஜெபம் செய்வது எல்லாம், குருப்பட்டம் பெறாத சபை ஊழியரான உபதேசியாரின் பொறுப்பு. உபதேசியாரும் இல்லாத ஊரில் அந்த ஊர்க்காரர் யாராவது செய்தாக வேண்டும். அவர்களை வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை, ஊரிலேயே, பட்டம் எதுவும் இல்லாமல் நடக்கும் வகுப்புதான் அவர்களுக்குச் சரிப்படும்.

தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சேகரத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். லுத்தரன் சபைகளுக்கும் மற்றவர்களுக்கும் பதவிப் பெயர்கள் மாறும், படிகளின் வரிசை பெரும்பாலும் மாறாது. இதில் வரிசை முக்கியம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் ஆறாவது படியில், அதாவது பாடப் புத்தகத்தில், தொடங்கி நாலு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்.

1. முதலில் வேலைகளை எழுதுங்கள்

ஒரு தாளில் சேகரத்தின் சபைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அங்கே இப்போது யாரும் செய்யாமல் கிடக்கிற வேலை எது என்று குறியுங்கள். ஓர் ஊரில் வேதபாடம் வாசிக்க ஆள் இருக்காது. இன்னோர் ஊரில் வாசிக்க ஆறு பேர் இருப்பார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியல் இல்லாமல் தொடங்கினால் வகுப்பு ஒரு வேத ஆராய்ச்சிக் கூட்டமாக மாறிவிடும். வேத ஆராய்ச்சி நல்லதுதான், அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொருவரும் முடிவில் ஒரு குறிப்பிட்ட வேலையை எடுக்கப்போகிறார். எந்த வேலை என்று தெரிந்தால்தான் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

2. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள்

அடுத்து ஐயரிடம் போங்கள். குருப்பட்டம் பெறாதவர் இந்தச் சேகரத்தில் எவற்றை நடத்தலாம் என்று கேட்டு, அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் பயிற்சி பெற்றவர்தான் மாட்டிக்கொள்வார்.

சில விஷயங்களில் சந்தேகமே இல்லை. திருவிருந்தை நடத்துவது குருவானவரின் பொறுப்பு. திருமணமும் அப்படித்தான்: 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யாரெல்லாம் திருமணம் நடத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. ஆர்வக்கோளாறில் யாரும் அதில் கைவைக்கக் கூடாது. அடக்க ஆராதனையைப் பல இடங்களில் உபதேசியார் நடத்துவதுண்டு. உங்கள் திருமண்டலத்தின் (பேராயரின் கீழுள்ள சேகரங்களின் தொகுப்பு) வழக்கம் என்ன, உபதேசியார் அல்லாதவரும் நடத்தலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

சின்னதாகத் தெரிகிற, ஆனால் பெரிய மனத்தாங்கலை உண்டாக்குகிற இடம் ஆராதனையின் முடிவு. குருவானவர் கையை உயர்த்தி "உங்கள் அனைவரோடுங்கூட" என்று ஆசீர்வாதம் கூறுவார். மற்றவர் நடத்தும்போது கையை உயர்த்தாமல், "நம் அனைவரோடுங்கூட" என்று தன்னையும் சேர்த்துச் சொல்வதே முறை. பாவ அறிக்கைக்குப் பிறகு வரும் மன்னிப்பின் வார்த்தைகளும் அப்படியே "எங்களை" என்று மாறும். இதை முதல் மாதத்திலேயே பழக்கிவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் பிரசங்கத்தில் தூங்கினாலும் இந்த இடத்தில் முழித்துக்கொள்வார்கள்.

3. கமிட்டித் தீர்மானம்

ஐயர் சம்மதித்ததும் சேகரக் கமிட்டியில் வையுங்கள். வகுப்பு எப்போது, எங்கே, செலவு எவ்வளவு, முடிவில் என்ன பொறுப்பு, இந்த நாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். செலவு பெரிதாக வராது. நோட்டு, பாடப் பிரதிகள், தேநீர், வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால் அவருக்குப் பயணப்படி, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. திருமண்டலத் தேர்தலோ சேகரக் கமிட்டித் தேர்தலோ வரும் ஆண்டில் புதிய வகுப்பைத் தொடங்காதீர்கள். என்னதான் விளக்கினாலும், "இது எந்த அணி ஆளுங்க?" என்ற கேள்வி வரும். ஓர் அணியின் வகுப்பு என்று பெயர் விழுந்துவிட்டால் மற்ற அணியின் குடும்பங்களிலிருந்து ஒரு ஆள் வரமாட்டார். ஒரு வருடம் தள்ளிப்போடுவது நஷ்டமில்லை.

4. ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்

ஆராதனையில் "விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவிப்பதோடு நிறுத்தினால், எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கும் அதே ஐந்து பேர்தான் வருவார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே மூன்று பொறுப்புகள் இருக்கும். அறிவித்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். துக்க வீட்டில் யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்திருக்கிறவர், பிள்ளைகள் யாரைச் சுற்றி நிற்கிறார்களோ அவர், இவர்கள் தாங்களாகப் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசாமல் தப்பிக்கிறவர்கள் கூடிவிடுவார்கள்.

பட்டியலை முடிக்குமுன் மூன்று விதமாகப் பாருங்கள். எல்லாரும் ஒரே தெருவா? எல்லாரும் ஆண்களா? எல்லாரும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களுமா? மூன்றில் எதற்கு ஆம் என்று பதில் வந்தாலும் மறுபடி கிளம்ப வேண்டியதுதான். சாதி சபைக்குள் இல்லை என்று மேடையில் சொல்வது எளிது. யாருடைய வீட்டுக்கு யார் ஜெபிக்கப் போகிறார் என்பதில் அது தெரிந்துவிடும். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் எடுத்தால்தான் பின்னால் எல்லா வீட்டுக்கும் ஆள் போக முடியும்.

பெயர் எழுதும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இது குருப்பட்டத்துக்கு வழி அல்ல. அதற்கு, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளங்கலை) போன்ற முறையான இறையியல் படிப்பும் திருமண்டலத்தின் தேர்வும் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு வருடம் கழித்து ஒரு இளைஞர் "நானும் படிச்சேனே" என்று வந்து நிற்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

5. நாளும் நேரமும்

ஞாயிறு மதியம் எல்லாருக்கும் வசதி என்று நினைப்பீர்கள். ஊரைக் கேட்டுப் பாருங்கள். பீடி சுற்றும் பெண்கள் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் நேரத்தில் வகுப்பு வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். பனையேறும் குடும்பங்கள் உள்ள ஊரில் பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஆள் கிடைக்காது, உச்சிப்பொழுதில் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை மனம் வகுப்பில் நிற்காது.

எனக்குப் பிடித்த கணக்கு: ஜூனில் பள்ளி திறந்து பரபரப்பு அடங்கியதும் தொடங்கி, டிசம்பர் முழுவதும் விடுமுறை விட்டு, ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களுக்கு முன் முடித்துவிடுவது. சபையாகச் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகை வாரத்தில் வகுப்பு வைக்கவே கூடாது. அறுப்பு நாட்களில் இரண்டு வாரம் விட்டுவிடலாம்.

இடம் ஊர்ஊராகச் சுற்றட்டும். எப்போதும் ஐயர் பங்களாவில் வைத்தால் தூரத்து ஊர்ப் பெண்கள் முதலில் நின்றுபோவார்கள். கைக்குழந்தையோடு வரலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வரக்கூடாது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

நேரத்தில் வளைந்துகொடுங்கள், வீட்டுப்பாடத்தில் வளையாதீர்கள். வகுப்பைத் தவறவிட்டவர் வேறொரு நாள் உங்களிடம் வந்து பேசி ஈடுகட்டலாம். ஆனால் அந்த வாரக் களவேலையை, அதாவது ஊரில் செய்யக் கொடுத்த வேலையை, செய்யாமல் அடுத்த பாடத்துக்குப் போக அனுமதிக்கக் கூடாது.

6. பாடப் புத்தகம்

இப்போதுதான் புத்தகம். சொந்தமாக எழுத உட்காராதீர்கள், வருடம் ஓடிவிடும். வீட்டிலிருந்தே படிக்கிறவர்களுக்காக எழுதப்பட்ட பாடங்கள் இருக்கின்றன. 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி முறையை இந்தியாவில் எடுத்து நடத்துவது பெங்களூருவிலுள்ள டாஃப்டி (TAFTEE) என்ற அமைப்பு. அதன் பாடங்கள் பிராந்திய மொழிகளிலும் உண்டு. செராம்பூர் செனட்டும் சபை மக்களுக்கு வெளிநிலைப் படிப்புகள் நடத்துகிறது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும், சென்னையிலுள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்திலும் தமிழ் நூல்கள் கிடைக்கும். எதை எடுத்தாலும் உங்கள் ஐயரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். திருமுழுக்கு பற்றியும் அந்நியபாஷை பற்றியும் உங்கள் சபையின் போதனைக்கு மாறாக ஒரு பாடம் இருந்து, அது வகுப்பு நடுவில் தெரியவந்தால் அன்றைய நேரம் முழுதும் அதிலேயே போய்விடும்.

இவை தவிர ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டியவை: சொந்த வேதாகமம் (செல்பேசிச் செயலி போதாது, பென்சிலால் குறிக்க வேண்டும்), ஆராதனை முறைமை, பாமாலை, அந்த வருடத்தின் வேதபாட அட்டவணை, நூறு பக்க நோட்டு ஒன்று.

வாசிக்கச் சிரமப்படுகிறவர் இருந்தால் பாடத்தை எட்டு, பத்து நிமிடக் குரல்பதிவாக வாட்ஸப்பில் அனுப்புங்கள். அவருக்கு வாசிப்பு வேலை கொடுக்காமல் வீடு சந்திக்கும் வேலை கொடுங்கள். நன்றாக ஜெபிக்கத் தெரிந்த, எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு பாட்டியை விட்டுவிட்டு நாம் என்ன வகுப்பு நடத்துகிறோம்?

7. ஒரு வகுப்பு எப்படி நடக்க வேண்டும்

இந்த முறைக்கு மூன்று கால்கள். வாரத்தில் வீட்டில் படிப்பது, ஊரில் ஒரு வேலை செய்வது, வகுப்பில் அந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவது. வகுப்பில் பாடம் நடத்துவது கிடையாது. நடத்தினால் வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள், "எப்படியும் அவர் சொல்லித்தருவார்" என்று வந்து உட்காருவார்கள்.

ஒன்றரை மணி நேரம் போதும். முதல் முப்பது நிமிடம் போன வாரக் களவேலையைப் பற்றி. எங்கே போனீர்கள், என்ன நடந்தது, எதற்குப் பதில் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். அடுத்த நாற்பது நிமிடம் வீட்டில் படித்த பாடத்தின் மேல் கேள்விகள். கடைசி இருபது நிமிடத்தில் அடுத்த வார வேலையைப் பிரித்துக்கொடுத்து, ஒருமுறை செய்துபார்க்க வைத்து, ஜெபித்து முடிப்பது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கேள்வி கேட்பதில். "இந்தப் பகுதியில் நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று கேட்டால், எந்தப் பகுதியாக இருந்தாலும் "விசுவாசம்" என்றோ "கீழ்ப்படிதல்" என்றோ பதில் வரும். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மாற்கு 2:1-12 எடுத்துக்கொள்வோம், கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய பகுதி. முதலில் வசனத்திலேயே பதில் இருக்கிற கேள்வி: எத்தனை பேர் சுமந்தார்கள்? ஏன் வாசல் வழியாகப் போக முடியவில்லை? வாயைத் திறக்காதவர் இதற்குத் திறப்பார். அடுத்து, ஒரு படி உள்ளே போகிற கேள்வி: வாசலை மறித்து நின்றவர்கள் எதற்காக வந்தவர்கள்? வசனம் கேட்க வந்தவர்கள்தான். இங்கே வகுப்பு சற்று அமைதியாகும். அவசரப்பட்டு நீங்கள் பேசாதீர்கள். அப்புறம், ஐந்தாம் வசனத்தில் யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று இருக்கிறது? "அவர்கள்" என்று இருப்பதைக் கண்டுபிடிக்கட்டும். கடைசியாக ஊருக்கு இறங்குங்கள்: நம் ஆலயத்துக்குள் வர நினைத்தும் வர முடியாதவர் யார், மறிக்கிறவர் யார்? படி ஏற முடியாத தாத்தாவில் தொடங்கி, புருஷன் குடிப்பதால் வெட்கப்பட்டு வராத பெண்வரை பேச்சு தானாகப் போகும். அடுத்த வாரம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும்.

வகுப்பில் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார். அவரை அடக்காதீர்கள், வேலை கொடுங்கள்: "அண்ணே, இன்னைக்கு நீங்க மத்தவங்க சொல்றதை எழுதிக்கிட்டு கடைசில வாசிங்க." பெரும்பாலும் அதுவே போதும்.

8. பாடங்களின் வரிசை

எல்லாரும் பிரசங்கத்தில் தொடங்க ஆசைப்படுவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மைக் முன்னால் நின்றுவிட்டவர் திரும்பி வந்து வாசிப்புப் பயிற்சியில் உட்காரமாட்டார்.

*முதலில் வாசிப்பு.* பழைய திருப்புதலில் ஒரு வாக்கியம் அரைப்புள்ளி போட்டுக்கொண்டே நாலு வரி போகும். எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நேபுகாத்நேச்சார், மேவிபோசேத் போன்ற பெயர்களை முந்தின நாளே சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சபையின் பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, மைக் இல்லாமல் வாசிக்கப் பழக்குங்கள். மின்சாரம் போகாத ஞாயிறு அபூர்வம்.

*அடுத்து ஜெபம்.* ஆராதனையில் பொது ஜெபம் ஏறெடுப்பதற்கு அளவு உண்டு: ஐந்து நிமிடம். முக்கியமான விதி, ஜெபத்தில் செய்தி வாசிக்கக் கூடாது. "ஆண்டவரே, மேலத் தெரு அக்கா வீட்டில் நேற்று நடந்த சண்டையை நீர் அறிவீர்" என்று தொடங்கினால் ஆண்டவரோடு ஊரும் அறிந்துகொள்ளும். ஜெபக்குறிப்பு கொடுத்தவர் அனுமதித்தால் மட்டும் பெயர் சொல்லலாம்.

*மூன்றாவது வீடு சந்திப்பும் ஆஸ்பத்திரியும்.* இருவராகப் போக வேண்டும், தனியாக இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போகும்போது அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காமல், பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவில்லாத குரலில். இன்ன வியாதி என்று துருவக் கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சுக்கு அறவே இடமில்லை. அப்படிச் சொல்கிறவரை வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டியிருந்தாலும் நிறுத்துங்கள். துக்க வீட்டில் பிரசங்கம் வேண்டாம்: ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், பிறகு நாற்காலி எடுத்துப் போட உதவுவது.

*நாலாவது ஓய்வுநாள் பள்ளி.* பாடம் நடத்துவதைவிட முந்தியது பிள்ளைகளின் பாதுகாப்பு. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது விதி. பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "சபை பெயர் கெட்டுவிடும், கமிட்டியில் பேசி முடிப்போம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாரும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும். பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது, வகுப்பில்கூட.

*ஐந்தாவது காணிக்கை.* ஒரே வகுப்பில் முடியும். இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது, அங்கேயே எழுதுவது, இருவரும் கையெழுத்திடுவது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் கூடாது. நல்லவர் பெயர் கெடாமல் இருக்கத்தான் இந்த முறை.

*கடைசியில் பிரசங்கம்.* பகுதியை ஐந்து முறை சத்தமாக வாசித்துவிட்டு, சொல்லப்போகும் ஒரே விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் பிரசங்கம் இன்னும் தயாராகவில்லை. பன்னிரண்டு நிமிடம். யூடியூப்பில் கேட்ட பிரசங்கத்தை அப்படியே ஒப்பிப்பதை முதல் தடவையே நிறுத்திவிடுங்கள். மறுநாள் அதே வீடியோவை சபையில் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள். முதல் முயற்சி வகுப்பிலும், இரண்டாவது வீட்டு ஜெபக்கூட்டத்திலும், மூன்றாவது சொந்த ஊரல்லாத ஒரு சபையிலும் நடக்கட்டும். சொந்த ஊரில் "நம்ம பையன்தானே" என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள், குறை தெரியாமல் திருந்த முடியாது.

9. தேர்வும் பொறுப்பும்

எழுத்துத் தேர்வு வேண்டாம். அது நன்றாக எழுதுகிறவரைக் காட்டும், அவ்வளவே. ஒவ்வொருவரும் தனக்குரிய வேலையைச் செய்வதை நீங்களோ ஐயரோ உபதேசியாரோ இரண்டு முறை நேரில் பாருங்கள். முதல் முறைக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து பேசுங்கள், எல்லார் முன்னாலும் அல்ல. இரண்டாவது முறையில் சரியாகிவிட்டால் அவர் தயார்.

வெறும் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதை நான் விரும்பவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஊழியத்துக்கு வராதவர்கள் எல்லாச் சேகரத்திலும் உண்டு. அதற்குப் பதிலாக, ஞாயிறு ஆராதனையில் பெயர் வாசித்து ஜெபித்து, ஐயர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொடுங்கள். இன்ன சபையில், இன்ன வேலை, இரண்டு வருடத்துக்கு என்று அதில் இருக்கட்டும். காலவரம்பு இருந்தால், சரியாகச் செய்யாதவரை மனவருத்தம் இல்லாமல் விடுவிக்கலாம். களைத்துப்போனவரும் மரியாதையாக ஒதுங்கலாம்.

பொறுப்பு ஏற்றவர்களை மாதம் ஒருமுறை கூட்டுங்கள். புதுப் பாடம் எதுவும் வேண்டாம், பேச இடம் இருந்தால் போதும்.

10. ஐயர் மாறும்போது

மாறுதல் வரும், வகுப்பு அதில்தான் பெரும்பாலும் முடிந்துபோகும். புதிய ஐயருக்கு இது முன்னவருடைய வேலை என்று தோன்றும். அதற்காக முன்னமே ஒரு கோப்பு தயாராக இருக்க வேண்டும்: கமிட்டித் தீர்மானத்தின் நகல், இரண்டாம் படியில் வாங்கிய அனுமதிக் கடிதம், ஒவ்வொருவரின் பொறுப்புக் கடிதம், பாட வரிசை, வரவுசெலவு.

புதியவர் வந்த முதல் மாதத்தில் கோப்போடு போங்கள், ஆனால் கையெழுத்து கேட்காதீர்கள். ஒரு ஞாயிறு உள்ளூர்ச் சபை ஒன்றில், பயிற்சி பெற்றவர் ஆராதனை நடத்த, புதிய ஐயரைச் சபையோடு உட்கார்ந்து பார்க்க அழையுங்கள். அனுமதிக் கடிதத்தை அதற்கு அடுத்த வாரம் அவர் பெயரில் புதுப்பித்துக்கொள்ளலாம். அடுத்து சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்க, முதலில் பயிற்சி பெற்றவர்களில் இருவரை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.